மாதவிக்குச் சேரி இல்லை

கோவலனுக்காக வடம் பிடித்து இழுத்த தமிழர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டக்களப்புக்குத்தான் வரவேண்டும். வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கொம்புமுறி நடந்த காலத்தில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் பக்கம், தென்சேரியார் கண்ணகி பக்கம். சேரி என்றால் இங்கே அணி. யார் எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது. இந்த வருசம் கோவலன் மேல் கோபம், ஆகவே கட்சி மாறுகிறேன் என்று சொல்ல வழியில்லை. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டாலேயே வறுத்தெடுப்பார்கள். அந்த வசைப்பாட்டுகளில் சிலதை ஒரு குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. மழை பொய்த்தபோதும் அம்மை பரவியபோதும், கண்ணகி அம்மனின் மனம் குளிர வேண்டுமென்று ஆடிய ஆட்டம் இது.

ஒரு பழைய கதையைக் கேட்டவர்கள் அதற்கு என்ன மறுமொழி சொன்னார்கள் என்று தேடுகிறவர்கள் வழக்கமாக மதிப்புரைகளையும் வாசகர் கடிதங்களையும் புரட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த மறுமொழி கயிறும் கொம்புமாக நின்றது. புருசன் பெண்சாதி சண்டையில் ஊரே ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, வியர்க்க வியர்க்க இழுத்து, கடைசியில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து கும்பிட்ட வாசகர் கூட்டம் வேறெந்தக் காப்பியத்துக்கு வாய்த்தது?

இருண்ட காதல்கதை என்று இன்றைய பதிப்பாளர்கள் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். ஆசை, துரோகம், பழி, சாவு எல்லாம் காதலோடு பின்னிக் கிடக்கும் கதைகளை அதில் அடுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு மூத்த உதாரணம் எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’. 1847இல் அது வந்தபோது விமர்சகர்களில் பலர் அதன் முரட்டுத்தனத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள். அதே நாவலை எமரால்ட் ஃபெனல் படமாக்கப்போகிறார் என்று 2024இல் நடிகர்களின் பெயர்கள் வெளியானதும், கருநிறத்தவன் என்று நாவல் சொல்லும் ஹீத்கிளிஃபுக்கு வெள்ளைக்கார நடிகரா என்று வாசகர்கள் கொதித்தார்கள். படப்பிடிப்பு தொடங்குமுன்னே சண்டை. நல்ல கதைக்கு இது ஒரு அடையாளம்: அதைத் திருப்பிச் சொல்ல யாராவது வாயைத் திறந்தாலே சொந்தக்காரர்கள் பத்துப் பேர் எழும்பி வந்துவிடுவார்கள்.

நமக்கு அந்தத் தட்டில் வைக்கச் சிலப்பதிகாரம் இருக்கிறது. காதலித்துக் கைவிட்ட ஆண், கைவிட்டவனையே மறுபடி ஏற்றுக்கொண்ட பெண், விசாரணை இல்லாத கொலை, எரிந்த நகரம். இதைவிட இருட்டு எங்கே இருக்கிறது?

அந்தக் கதையை மட்டக்களப்பார் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. கண்ணகி வழக்குரை என்ற பெயரில் அவர்களிடம் ஒரு மறுகூற்று உண்டு. ஏட்டில் இருந்ததை வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். யாழ்ப்பாணப் பக்கத்தில் இது கோவலனார் கதை. இளங்கோவின் காப்பியம் முப்பது காதை. வழக்குரை அதைவிடக் குறைவான காதைகளில் சொல்லிவிடுகிறது. ஆனால் இளங்கோ சொல்லாததையெல்லாம் சொல்கிறது. சிலம்புக்குள் இடுவதற்கு நாகமணி வேண்டுமென்று மீகாமன் ஈழத்துக் கடலுக்குக் கப்பலோட்டி வருகிறான், வெடியரசனோடு போர் செய்கிறான். ஆக, மதுரையை எரித்த சிலம்பின் மணி நம்முடைய கடலில் இருந்து போனது. உள்ளூர்ப் பெருமையை இதைவிட நாசூக்காகக் கதைக்குள் செருக முடியாது.

பெரிய மாற்றம் இரண்டு இடத்தில் இருக்கிறது. இளங்கோவில் கோவலன் மாதவியைப் பிரிவது ஒரு பாட்டால். கடற்கரையில் இருவரும் யாழெடுத்துப் பாடுகிறார்கள், அவள் பாட்டில் வேறொருவன் நிழல் ஆடுவதாக இவன் நினைக்கிறான், எழும்பிப் போகிறான். வழக்குரையில் பொன்னுக்கு மறிப்புக் காதை என்றே ஒரு காதை வருகிறது. கொடுக்கவேண்டிய பொன்னுக்காகக் கோவலன் மறிக்கப்படுகிறான். ஊடல் இருந்த இடத்தில் கடன் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த மாற்றத்தைக் கவிநயம் குறைந்த நாட்டுப்புறத்தான் வேலை என்று தள்ளுகிறவர்கள் இந்தப் பிரதேசத்தின் கல்யாணத்தை அறியாதவர்கள் என்பேன். இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். குடி என்பது தாய்வழியில் வரும். கோயில் உரிமைகூட அந்தக் குடிகளின் வழியேதான் பிரியும். அப்படிப்பட்ட ஊரில் பெண்சாதியின் நகையைக் கொண்டுபோய் வேறு வாசலில் கொட்டுகிறவன், காதலில் தடுமாறிய ஒருவன் மட்டுமில்லை. ஒரு தாய்வழியின் முதுசத்தைக் கரைத்தவன். கேட்கிற பெண்களுக்குக் கானல்வரியின் நுட்பத்தைவிடப் பொன் கணக்கு உடனே விளங்கும். கதைசொன்னவர் தம் சபையை அறிந்திருந்தார்.

இரண்டாவது மாற்றம் சாவில். இளங்கோவிலும் வெட்டுண்ட கோவலன் ஒரு கணம் எழுந்து, கண்ணகியின் கண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் வானுலகம் போகிறான். வழக்குரைக்கு அந்தக் கணம் போதவில்லை. உயிர் மீட்புக்கு ஒரு காதையே ஒதுக்குகிறது. கடைசியில் குளிர்ச்சிக் காதை. கொதித்தவளை அப்படியே விட்டுவிட்டு ஏட்டைக் கட்டிவைக்க இந்த மக்களுக்கு மனம் வரவில்லை.

வைகாசி பிறந்தால் இந்த வழக்குரை இன்றைக்கும் பாடப்படுகிறது. செட்டிபாளையம், மகிழூர், புதுக்குடியிருப்பு, கன்னன்குடா, வந்தாறுமூலை, தெற்கே காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு என்று வாவியைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கிறார்கள். வருசத்தில் பெரும்பகுதி சாத்திக் கிடக்கும் கோயில்கள் இவற்றுள் பல. சடங்கு நாட்களில் வழக்குரை பாடப்படும். கல்யாணக்கால் நடுவார்கள். கடைசி நாள் குளிர்த்தி. ஒவ்வொரு வருசமும் கல்யாணம், ஒவ்வொரு வருசமும் கொலை, ஒவ்வொரு வருசமும் தணிப்பு. முடிவு தெரிந்த கதைதான் என்று யாரும் எழும்பிப் போவதில்லை. பாடுகிறவர் கொலைக்களத்துக்கு வரும்போது வயதான பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கதை புதிதாக இருக்கிறதா, நடிகர் தேர்வு சரியா என்ற கேள்வியெல்லாம் அந்த இடத்தில் எடுபடாது.

சிங்களவரிடமும் இவள் உண்டு. அங்கே பத்தினி தெய்யோ. கோவலனுக்குப் பாலங்க என்று பெயர். பாலங்கவைக் கொன்று மறுபடி உயிர்ப்பிக்கும் சடங்கும், மேலணி கீழணி என்று பிரிந்து கொம்பிழுக்கும் அங்கெலியவும் அவர்களுடையவை. அங்கேயும் ஒரு அணி அவனுக்கு, ஒரு அணி அவளுக்கு. கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெரிய ஆய்வுநூல் இதைத்தான் விரித்துச் சொல்கிறது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைக்குப் போனால் அங்கெலியவின் வேகம் தெரியும். 2016இல் சுனில் ஆரியரத்ன ‘பத்தினி’ என்று சிங்களப் படமே எடுத்தார். கண்ணகியாக வந்தவர் பூஜா உமாசங்கர், ‘நான் கடவுள்’ படத்தில் கண் தெரியாத பிச்சைக்காரியாக நம்மை அழவைத்த அதே பூஜா. போர் முடிந்து ஏழு வருசத்தில் ஒரு தமிழ்க் காப்பியத்தின் நாயகியைச் சிங்களத் திரையில் பார்ப்பது சாதாரண விசயமில்லை. ஆனால் அந்தப் படத்தின் கண்ணகி தெய்வமாகவே பிறந்து தெய்வமாகவே நடக்கிறவள் என்பது என் அபிப்பிராயம். கோபம் வருமுன்னே ஒளிவட்டம் வந்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சும்?

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் நவீன வாழ்க்கை வேறு மாதிரிப் போனது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பிறகு அது கோயிலைவிட மேடைக்கு நெருக்கமாயிற்று. 1942இல் ஜூபிடர் ‘கண்ணகி’ படத்தில் கண்ணாம்பாவும் பி. யு. சின்னப்பாவும் நடித்தார்கள். 1964இல் கருணாநிதியின் வசனத்தில் ‘பூம்புகார்’. விஜயகுமாரி பாண்டியன் அவையில் பேசிய பேச்சை ஒரு தலைமுறை மனப்பாடம் செய்தது. பாரதிதாசன் எழுதியது ‘கண்ணகி புரட்சிக் காப்பியம்’. பெரியார் சிலப்பதிகாரத்தையே கடுமையாகச் சாடினார். அவரிடம் படித்தவர்கள் அதே சிலப்பதிகாரத்தைக் கொடியாகத் தூக்கினார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் இப்படி ஒரு வாசகர் தகராறு வேறெந்த நூலுக்காவது நடந்திருக்குமா தெரியாது. 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தார்கள், 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டது, 2006 ஜூனில் திரும்ப வந்தது. 2005இல் ஜெயமோகன் ‘கொற்றவை’ எழுதி, கண்ணகியைப் பழைய தாய்த்தெய்வங்களின் வரிசைக்கே கொண்டுபோனார்.

இந்த மறுகூற்றுகளைச் சுற்றி எழுந்த விவாதங்களைக் கூட்டிப் பார்த்தால், பெரும்பகுதி கற்பைப் பற்றியது. கற்பு பெருமையா, விலங்கா? கண்ணகி முன்மாதிரியா, பலியா? பெண்ணியம் படித்த தலைமுறை இரண்டாவது பக்கம் நின்றது. அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. புருசன் திரும்பி வந்தவுடன் ஒரு சொல்லும் கேளாமல் சிலம்பைக் கொடுக்கிறவளைப் பார்த்து இன்றைக்கு ஒரு இருபது வயதுப் பிள்ளை எரிச்சல்படாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் மட்டக்களப்பில் இந்தக் கதையின் பெயரே வழக்குரை. அரசனின் ஆட்கள் ஒருவனைப் பிடித்தார்கள், விசாரிக்காமல் கொன்றார்கள், பெண்சாதி சபைக்குப் போய் வழக்குரைத்தாள். கற்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மூன்று வசனமும் எங்கள் பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. அவர்களின் தாய்மாரும் பெண்சாதிமாரும் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கினார்கள். அதே வந்தாறுமூலையில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது, அதே வைகாசியில் அதே வழக்குரை. கண்ணகிக்காவது சபையின் வாசல் திறந்தது, அரசன் எதிரே இருந்து கேட்டான், பிழையென்று தெரிந்ததும் அவன் உயிர் போயிற்று. பாண்டியனை வில்லனாக்கி நாடகம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குற்றம் உணர்ந்து செத்த அரசன் இந்தச் சபையின் காதில் கிட்டத்தட்ட நல்லவன்.

ஆகவே கண்ணகியைக் கற்புச் சிலையாக்கும் மறுகூற்றும் எடுபடாது, அவளை ஏமாந்த பேதையாக்கும் மறுகூற்றும் எடுபடாது. இரண்டும் அவளிடமிருந்து வழக்கைப் பறித்துவிடுகின்றன. இங்கே அவளுக்கு மவுசு வழக்காடியதால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு ஆள் மிச்சம். கொம்புமுறியில் கோவலனுக்குச் சேரி உண்டு, கண்ணகிக்குச் சேரி உண்டு. மாதவிக்கு ஒரு கயிறு இல்லை. வழக்குரையில் அவள் அரங்கேறுகிறாள், பிறகு பொன் கணக்கு அவளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இளங்கோ அவளை இப்படிக் கைவிடவில்லை. அவள் எழுதிய முதல் கடிதத்தைக் கோவலன் வாங்க மறுக்கிறான். இரண்டாவது கடிதம் கோசிகன் கையில் காட்டுவழிக்கு வந்து சேர்கிறது. அதைப் படித்துப் பிழை அவளுடையதில்லை, தன்னுடையது என்று கோவலனே ஒத்துக்கொள்கிறான். கோவலன் செத்த செய்தி கேட்டு மாதவி கூந்தல் களைந்து புத்த அறத்தில் சேர்கிறாள். செத்தவன் அவளுக்கும் வேண்டியவன், அவள் பிள்ளைக்குத் தகப்பன். ஆனால் எந்தச் சபையில் போய் அவள் வழக்குரைப்பது? கொலைக்கு நீதி கேட்கும் உரிமை தாலி கட்டியவளுக்குத்தான். சட்டப்படி தான் யாருக்கு யார் என்று காட்டக் கடதாசி இல்லாமல் பதிவு மேசைக்கு முன்னால் நிற்கும் பெண்களைப் போர் இந்த நாட்டில் நிறையவே உண்டாக்கிவிட்டது. மாதவி அவர்களுக்கெல்லாம் மூத்தவள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மண்ணின் மிகப் பெரிய அறிஞர் தம் ஆயுளின் நல்ல பகுதியை மாதவியின் வீட்டு வாசலில்தான் கழித்தார். காரைதீவில், கண்ணகை அம்மன் ஊரில், ஐயர் பதிப்பு வந்த அதே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிய அடிகளைப் பிடித்துக்கொண்டு பண்டைத் தமிழிசையையே மீட்டெடுக்கப் புறப்பட்டார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அரங்கேற்று காதை யாருடைய அரங்கேற்றம்? மாதவியினுடையது. அவளுடைய யாழின் நரம்பு நரம்பாகக் கணக்குப் பார்த்தாயிற்று. யாழை வைத்திருந்தவளின் மனசுக்கு அப்படி ஒரு நூலை நான் இன்னும் காணவில்லை. (மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றி ஒரு வரி வருமென்று எதிர்பார்த்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பாட வேண்டியவள் வேறொருத்தி.)

இப்படி ஒதுக்கப்பட்டவளுக்கு ஒரு நூல் எழுதி வேற்று நாட்டில் ஒருத்தி காட்டியிருக்கிறாள். ‘ஜேன் எயர்’ நாவலில் மாடியில் பூட்டப்பட்டு, வீட்டைக் கொளுத்திச் செத்துப்போகிற முதல் மனைவிக்குப் பைத்தியம் என்பதற்கு மேல் பெரிதாக அடையாளம் இல்லை. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், அந்தப் பெண்ணின் ஊர் தம்முடைய ஊர்ப்பக்கம் என்று கண்டுகொண்டு, 1966இல் ‘வைட் சர்காசோ ஸீ’ என்ற நாவலில் அவளுக்கு வாழ்க்கையும் வேறொரு பெயரும் நியாயமும் கொடுத்தார். அதற்குப் பிறகு ‘ஜேன் எயர்’ படிக்கிறவர்களால் மாடிக் கதவைச் சும்மா கடந்து போக முடியவில்லை. பழைய நூலின் ஒரு எழுத்தையும் அவர் தொடவில்லை. வாசகர்களை மட்டும் மாற்றிவிட்டார். நல்ல மறுகூற்றுக்கு இதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

நமக்கும் இது புதுப் பழக்கமில்லை. பேராதனையில் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து ‘இராவணேசன்’ ஆக்கியபோது, வில்லனென்று பழகிய ஒருவன் மேடையின் நடுவுக்கு வந்தான். அந்த நாட்களில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் அதை மறுபடி தயாரித்தபோது மண்டோதரியின் குரலுக்கு இடம் கூடியது. சீலாமுனையில் சி. ஜெயசங்கர் கூத்துக்காரரோடு சேர்ந்து செய்த மீளுருவாக்கத்தில், கூத்தில் பெண் எப்படி வருகிறாள், சாதி எப்படி வருகிறது என்று களரிக்காரரே இருந்து கதைத்து மாற்றினார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை எதிரே இருத்திவைத்து அவர்களோடு வாதாடி மாற்றுவது மெத்தப் படித்தவர்கள் அறைக்குள் இருந்து மாற்றுவதைவிடக் கடினமானது, நிலைப்பதும் அதுதான்.

எதிர்ப்பு வரும். கண்ணகை அம்மன் சடங்கைப் பாரம்பரியமாகச் செய்துவரும் கட்டாடிமாருக்கும் கப்புகனாருக்கும் மாதவி பெயரைச் சொல்லி யாராவது ஏட்டில் கைவைத்தால் கோபம் வருவது நியாயம். வழக்குரை அவர்களுக்கு வழிபாடு. கோயிலுக்குள் பாடுவதை மாற்றச் சொல்ல எனக்கும் மனம் இல்லை, உரிமையும் இல்லை. நான் கேட்பது கோயில் வாசலுக்கு வெளியே, கூத்துக் களரியில், ஒரு இரவு. வடமோடியோ தென்மோடியோ, ஏதாவது ஒன்றில். முதல் கடிதத்தில் தொடங்கட்டும், கொலைச் செய்தியில் முடியட்டும். மாதவிக்கு ஆடுகிறது பெண்ணாகவே இருக்கட்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகளே, படுவான்கரையில் இன்னும் சதங்கை கட்டும் அண்ணாவிமாரே, இது உங்களுக்குத்தான். அடுத்த வைகாசிச் சடங்கு முடிந்து கோயில் கதவு சாத்தியதும் ஒன்றாக இருந்து கதையுங்கள். கொப்பி எழுத ஆள் வேண்டுமென்றால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் வாவிக்கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.